காயாத பசை

மண்டபம் பக்கம் ஒரு கடற்கரையில் பாய்ப்பலகை ஓட்டக் கற்றுக்கொடுக்கிற இடம் ஒன்று இருந்தது. பலகைமேல் நின்றுகொண்டு, பாயைக் கையால் பிடித்துக்கொண்டு, காற்று போகிற போக்கில் கடலில் போக வேண்டும். அங்கே எல்லோரும் அதைப் போர்டு என்றுதான் சொல்வார்கள். கற்றுக்கொடுப்பவர் பியாத்ரிஸ். அவரைவிட வயதில் மூத்தவர்களும் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள்.

ஏதாவது கேட்டால் வாயால் பதில் சொல்கிற வழக்கம் டீச்சருக்குக் கிடையாது. கையில் ஒரு வேலையைக் கொடுப்பார். என்னடா இது, கேட்டதற்குப் பதில் இல்லையே என்று கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. போகட்டுமே, அவருக்கென்ன.

கஸ்பார் போகாதவர். பாதி ஆயுளை விசைப்படகில் கழித்துவிட்டு, நாற்பது தாண்டிய பிறகு டீச்சரிடம் வந்து போர்டு பழகியவர். டீச்சரைவிடப் பெரியவர் என்பதால் டீச்சர் அவரை அண்ணே என்பார். இப்போது வருகிறவர்களுக்கு கஸ்பாரும் கற்றுக்கொடுக்கிறார். போர்டுகளைப் பழுது பார்ப்பதும் அவர் வேலைதான்.

மேற்கிலிருந்து வருகிற கச்சான் காற்று பலமாக அடித்த ஒரு நாள், கஸ்பாரிடம் பழகிக்கொண்டிருந்த கார்த்தீசன் கடலில் செத்துப்போனான். ராஜபாளையத்துப் பையன். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன், லீவு கிடைத்தால் இங்கேதான் ஓடி வருவான். போர்டில் முன்கால் வைக்கிற இடத்தில் அவனுக்கு வழுக்கியது. போர்டில் காலை நுழைத்துக்கொள்கிற வாருக்குள் கால் ஆழமாகப் போய் மாட்டிக்கொண்டது. போர்டு கவிழ்ந்தது, பாய் அவன்மேல் விழுந்தது. கரையிலிருந்து படகு போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"பையன் அவசரப்பட்டுட்டான். காலைச் சரியா வைக்கலை" என்று கஸ்பார் சொன்னார்.

போலீஸிடம் சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில் நின்ற பையனின் அப்பாவிடமும் சொன்னார். எல்லோரும் நம்பினார்கள். கஸ்பாரும் நம்பத்தான் பார்த்தார், முடியவில்லை.

காரியமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து அந்த அப்பாவிடமிருந்து போன் வந்தது. மகன் கடைசியாக நின்ற பலகையை ஒரு தடவை பார்க்க வேண்டுமாம். பஸ் ராமநாதபுரம் தாண்டிவிட்டதாம்.

கஸ்பார் டீச்சரைத் தேடிப் போனார். டீச்சர் கொட்டகையில் உட்கார்ந்து பாய்க் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கண்ணே."

"அந்தப் பையன் செத்தது என்னாலயா?"

டீச்சர் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார்.

"ஏன் கேக்குறீங்க?"

"அந்தப் போர்டுல முன்கால் ஃபோம் நான் ஒட்டினது. அவன் போனதுக்கு முந்தின நாள் ஒட்டினது."

"போர்டை எடுத்துட்டு வாங்க."

போர்டு கொட்டகைக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. அன்றிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை. கஸ்பார் தூக்கிக்கொண்டு வந்து இரண்டு ஸ்டூலின்மேல் வைத்தார்.

போர்டில் கால் வைக்கிற இடங்களில் கனத்த ஃபோம் ஒட்டியிருக்கும். அதன்மேல் காலை நுழைத்துக்கொள்ள ஒரு வார். கால் நிற்பது ஃபோமை நம்பித்தான். அது நகர்ந்துவிட்டால் எப்பேர்ப்பட்ட ஆளும் விழ வேண்டியதுதான்.

"வாரைக் கழட்டுங்க."

கஸ்பார் திருகாணிகளைக் கழற்றினார்.

"இப்ப ஃபோமை எடுங்க. சூடு காட்டி எடுங்க. வெடுக்குன்னு இழுத்தா போர்டோட தோலும் சேந்து வந்துரும்."

"நீங்களே எடுத்துருங்களேன் டீச்சர்."

"கேட்டது நீங்கதானே."

முடி காயவைக்கிற மிஷினை எடுத்து கஸ்பார் ஃபோமின் ஓரத்தில் சூடு காட்டினார். பிளாஸ்டிக் தகட்டை அடியில் நுழைத்து நெம்பினார். வரவில்லை. இன்னும் சூடு காட்டினார். ஓரம் மயிரிழை மயிரிழையாகத்தான் கழன்றது. பசை இறுகிக் கல்லாகியிருந்தது.

"நல்லாப் பிடிச்சிருக்கு டீச்சர்" என்றார். முகத்தில் கொஞ்சம் தெளிச்சி வந்துவிட்டது. "பாருங்க, எப்படிப் பிடிச்சிருக்குன்னு."

"உள்ளே போங்க."

ஒரு விரல் அகலம் உள்ளே போனதும் தகடு சுளுவாக ஓடியது. கஸ்பார் ஃபோமைத் தூக்கினார். நடுவில் மஞ்சளாகப் பசை நூல் நூலாக இழுபட்டது. தடவிய அன்றைக்கு இருந்த அதே ஈரம், அதே வாடை.

டீச்சர் ஒரு விரலால் அதைத் தொட்டுப் பார்த்தார்.

"எப்படி ஒட்டினீங்க, சொல்லுங்க."

"போர்டுலயும் தடவினேன், ஃபோம்லயும் தடவினேன்."

"அப்புறம்?"

"ரெண்டையும் தனித்தனியாக் காய வைக்கணும். விரல் வெச்சா ஒட்டாத வரைக்கும்."

"வெச்சீங்களா?"

கஸ்பார் தகட்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

"அண்ணே."

"ஆளுங்க காத்துக்கிட்டு இருந்தாங்க டீச்சர். எப்பத் தருவீங்க, எப்பத் தருவீங்கன்னு ஒரே நச்சரிப்பு. தொட்டுப் பாக்கலை. அப்படியே வெச்சு அமுக்கிட்டேன்."

அந்தப் பசையின் குணம் அது. ஈரத்தோடு ஒட்டினால் ஓரம் மட்டும் காற்றுப் பட்டுக் காய்ந்துவிடும். நடுவில் இருக்கிற ஈரம் வெளியே போக வழியில்லாமல் அப்படியே கிடக்கும். மேலே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. கையால் இழுத்தாலும் வராது. ஒரு ஆள் ஏறி நின்று, காற்று ஓங்கி அடித்து, முழுப் பாரமும் அந்தக் காலில் இறங்கும்போதுதான் நடு வழுக்கும்.

கஸ்பார் மணலில் உட்கார்ந்துவிட்டார். கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. கேட்காமலே இருந்திருக்கலாம் என்று பட்டது.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தார்.

"டீச்சர், அந்த மனுஷன் வந்துக்கிட்டு இருக்காரு. அதுக்குள்ள புது ஃபோம் ஒட்டிரணும்."

"ஏன்?"

"இதைப் பாத்துட்டாருன்னா?"

"பாத்துட்டாருன்னா?"

"எனக்கு ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்க. நான் ஜெயிலுக்குப் போனா அதுகளை யாரு பாக்குறது? நீங்க பாப்பீங்களா?"

கேட்ட பிறகு இப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று அவருக்கே தெரிந்தது. டீச்சர் கோபப்படவில்லை. அலமாரியிலிருந்து புது ஃபோமை எடுத்துக் கொடுத்தார்.

"ஒட்டுங்க. இந்தத் தடவையாவது ஒழுங்கா ஒட்டுங்க."

கஸ்பார் பழைய ஃபோமை ஒரு பேப்பரின்மேல் போட்டார். போர்டில் இருந்த பசையை, அதைக் கரைக்கிற தின்னரைத் துணியில் தொட்டுத் துடைத்தார். உப்புத்தாள் போட்டு லேசாகத் தேய்த்தார். மறுபடி துடைத்தார். புதுப் பசையை இரண்டு பக்கமும் ஒரே சீராகத் தடவினார். வேலை சுத்தமாக இருந்தது. ஃபோமைத் தூக்கிப் போர்டுக்கு நேராகக் கொண்டுபோனார்.

"தொட்டுப் பாருங்க" என்றார் டீச்சர்.

விரலில் ஒட்டியது.

ஃபோமைத் தள்ளி வைத்தார். வாசலைப் பார்த்தார். திரும்பி வந்து பசையின்மேல் குனிந்து ஊதினார்.

"ஊதாதீங்க. வாய் ஈரம் படும்."

"கடல் காத்துல இது சட்டுனு காயாது டீச்சர்."

"காயாதுதான்."

மறுபடி தொட்டார். மறுபடியும் ஒட்டியது. வெளியே ஆட்டோ வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

பையனின் அப்பா பெயர் குருவையா. மில்லில் வேலை பார்த்தவர். மகனுக்குக் கொள்ளி வைக்க எடுத்த மொட்டையில் முடி இன்னும் சரியாக முளைத்திருக்கவில்லை. கொட்டகை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கழற்ற வேண்டாம் என்று யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

"இதுதானா தம்பி?"

"ஆமாங்கய்யா."

"எதுல நின்னான்? எந்த இடத்துல?"

கஸ்பார் காட்டினார். அந்த இடம் பசையில் மினுமினுத்தது.

"நான் ஒரு தடவை கால் வெச்சுக்கலாமா?"

"பசை தடவியிருக்குங்கய்யா. பழசு தேஞ்சு போச்சு, மாத்துறோம்."

குருவையா தலையை ஆட்டினார். போர்டின் பின்பக்கம் போய், பின்கால் வைக்கிற இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.  பிறகு பேப்பரில் கிடந்த பழைய ஃபோமைப் பார்த்தார்.

"இது என்ன?"

"அதுதாங்கய்யா பழசு."

"அவன் கால் பட்டதா?"

"ஆமா."

"நான் எடுத்துக்கிடவா? குப்பைக்குத்தானே போகும்?"

கஸ்பார் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். டீச்சர் மறுபடி ஊசியைக் கையில் எடுத்திருந்தார், தலை நிமிரவில்லை.

"எடுத்துக்குங்க" என்றார் கஸ்பார்.

குருவையா அதைக் கையில் எடுத்தார். விரல்கள் நடுப்பசையில் பதிந்துவிட்டன.

"என்ன தம்பி, பிசுபிசுங்குது?"

"பசைங்கய்யா. தேங்காய் எண்ணெய் தேச்சா போயிரும்."

அவர் தோளில் கிடந்த துண்டில் ஃபோமைச் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். போவதற்குத் திரும்பியவர் நின்றார்.

"தம்பி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

"சொல்லுங்கய்யா."

"சின்னதுல இருந்தே அவன் அவசரக்குடுக்கை. சோத்தைக்கூட நின்னுக்கிட்டேதான் திம்பான். நீங்க அவ்வளவு சொல்லிக் குடுத்தும் கேக்காம, காலைக் கண்டபடி வெச்சு, எங்களையும் தவிக்க விட்டு, உங்களுக்கும் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டுப் போயிட்டான். அவன் செஞ்சதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கிடுறேன்."

பசை ஒட்டிய கைகளைக் குவித்தார்.

கஸ்பார் வாயைத் திறந்தார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் திறந்தார்.

"பரவாயில்லைங்கய்யா" என்றது வாய்.

"அவங்கம்மாதான் இன்னும் ஒத்துக்கிட மாட்டேங்குறா. எம்பிள்ளை அப்படிச் செய்யவே மாட்டான், நீங்க நல்லா விசாரிங்கன்னு ராப்பகலா ஒரே பேச்சு. நான்தான் சத்தம் போட்டு அடக்கி வெச்சிருக்கேன். பெத்தவளுக்கு அப்படித்தானே இருக்கும்?"

"ஆமாங்கய்யா."

"வரேன் தம்பி. வரேம்மா."

டீச்சர் எழுந்து கும்பிட்டார். குருவையா செருப்பைப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். ஆட்டோ மணலில் கொஞ்சம் திணறிவிட்டு ரோட்டில் ஏறிப் போனது.

கஸ்பார் நின்ற இடத்திலேயே நின்றார்.

"இப்பத் தொட்டுப் பாருங்க" என்றார் டீச்சர்.

தொட்டார். ஒட்டவில்லை.

ஃபோமை எடுத்து, அடையாளம் பார்த்து, ஒரே வைப்பில் வைத்தார். நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் அழுத்தினார். வாரை வைத்துத் திருகாணிகளை முடுக்கினார். டீச்சர் வந்து வாரைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், ஃபோமை முட்டியால் அமுக்கிப் பார்த்தார். அசையவில்லை.

"சரியா ஒட்டியிருக்கீங்க."

அதைக் கேட்டதும் கஸ்பாருக்கு அழுகை வந்துவிட்டது. கைலியைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைக்கத் துடைக்க வந்தது.

"நான் என்ன செய்யணும் டீச்சர்?"

டீச்சர் சிந்தியிருந்த பசையைத் துடைத்தார். தின்னர் டப்பாவை மூடி அலமாரியில் வைத்தார்.

"சொல்லிரலாம். அவரு பின்னாலயே ஓடிப் போய்ச் சொல்லிரலாம். சொல்லி என்ன ஆகப் போகுது? வேலை போகும். என்னைப் பிடிச்சு உள்ளே வைப்பாங்க. அந்த மனுஷன் ஆறிக்கிட்டு இருக்காரு, அதையும் நான் கிளறி விடணும். நான் சொன்னா அந்தப் பையன் திரும்பி வந்துருவானா?"

டீச்சர் அன்றைக்கு ஒரு தடவை வாயால் பதில் சொன்னார்.

"வரமாட்டான் அண்ணே. ஆனா இவரு ராத்திரி வீட்டுக்குப் போயிருவாரு. அந்தம்மா மறுபடியும் அழும். 'நானே நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துட்டேன், உம்மகன்மேலதான் தப்பு, வாயை மூடு'ன்னு சொல்லுவாரு."