பொங்கியண்ணன் தன்னந்தனியா எழுதுன சாஃப்ட்வேரு

ஏ, உக்காருங்கப்பா! வாயில வடையே இருந்தாலும் சத்தம் வரக்கூடாது.

கோயமுத்தூர்ல மில்லுகளுக்கு சாஃப்ட்வேர் செய்யற கம்பெனி. இருவத்தஞ்சாவது வருஷம். மொதலாளி பொங்கியண்ணன் ஆபீஸ் ஆளுங்க அத்தனை பேரையும் நிக்க வெச்சு முழங்கறாரு: "ஒரே ரூமு! ஒரே கம்ப்யூட்டரு! ஈ காக்கா கெடையாது! மொத சாஃப்ட்வேர நான் தன்னந்தனியா எழுதுனேன்!"

ஆதியிலருந்து அங்க வேலை பாக்கற மயிலாத்தா வாயத் தொறந்தே யாரும் பாத்ததில்ல. அந்தம்மாகிட்ட ஒரு காகிதத்த நீட்டுனாரு. காகிதத்து மேல, அந்த மொத சாஃப்ட்வேர் முடிஞ்ச அன்னைக்கி அதே ரூம்ல எடுத்த போட்டோ: கம்ப்யூட்டர் முன்னால மீசைய முறுக்கிட்டு அவரு.

"கம்பெனி வரலாறும்மா. 'நான் பின்னால சேந்தவ'ன்னு கையெழுத்துப் போடு. இல்லீன்னா நாளைக்கு வேலைக்கு வராத."

மயிலாத்தா பேனாவ மூடுனாங்க.

"ஏனுங்க சார், ரூம்ல ஆளே இல்லீன்னா இந்த போட்டோவ எடுத்தது யாருங்க?"

"அது... யாரோ..."

"நாந்தானுங்க. சாஃப்ட்வேர எழுதி முடிச்சதும், போட்டோவுக்கு நீங்க உக்காரோணும்னு என்னய எந்திரிக்கச் சொன்னீங்க."