அந்தப் பேரில் இழுப்பறை இல்லை

சின்சேயிடம் வைத்தியம் கற்கச் சேர்ந்தபோது எனக்கு ஐம்பத்தொரு வயது. அவருக்கு முப்பத்தாறு. எங்கள் மலேசியாவில் சீன வைத்தியரைச் சின்சே என்போம். நான் அவரைச் 'சின்சே' என்பேன், அவர் என்னை 'அக்கா' என்பார். பார்க்கிறவர்களுக்கு யார் குரு, யார் சிஷ்யை என்று குழப்பம். திட்டு வாங்குவது யார் என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

லிம் சியூ பெங் என்பது அவர் பெயர். அவருடைய அப்பா ரப்பர் தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்தார். தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்ததால் சின்சே தமிழை எங்களைப் போலவே பேசுவார், கோபம் வந்தால் எங்களைவிட நன்றாகப் பேசுவார். கடை தைப்பிங்கில், மார்க்கெட்டுக்குப் பின்னால். சுவர் முழுக்க மர இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வேர், ஒரு பட்டை, ஒரு தோல்.

நான் முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எனக்கு நோய் என்றால் பெயர் வேண்டும். பெயர் தெரிந்தால் மருந்து தெரியும். சேர்ந்த முதல் மாதமே கேட்டேன்.

"சின்சே, பி.சி.ஓ.எஸ்ஸுக்கு என்ன மருந்து?"

"அந்தப் பேர்ல இழுப்பறை இல்லக்கா."

"சினைப்பையில சின்னச் சின்னக் கட்டி, மாதவிலக்கு தள்ளிப் போறது, முகத்துல முடி. வாரத்துக்கு நாலு பொண்ணுங்க வர்றாங்க. அதுக்கு ஒரு மருந்து இருக்கணும் இல்ல?"

"நாலு பொண்ணுங்கன்னு நீங்களே சொல்லிட்டீங்க. போய் அந்த ஆரஞ்சுத் தோலைக் காய வைங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாள் தவறாமல் மழை பெய்கிற ஊரில் ஆரஞ்சுத் தோலை எங்கே காய வைப்பது? கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை, வேலை மட்டும் உண்டு.

அப்போது கோமளா என்ற பலகாரக் கடைக்காரி வைத்தியத்துக்கு வந்துகொண்டிருந்தாள். பருத்த உடம்பு. சாப்பிட்டால் கண் சொருகிவிடும். நாக்கு வெளுத்து, உப்பி, ஓரத்தில் பல் பதிந்து, மேலே தயிர் தடவியதுபோல் இருக்கும். "ஈரம்" என்றார் சின்சே. செரிக்க வைக்கிற சக்தி சோர்ந்தால் உள்ளே ஈரம் தேங்கும், தேங்கியது கோழையாகிக் கருப்பைக்குப் போகிற வழியை அடைக்கும் என்பது அவர்கள் சாஸ்திரம். கோரைக்கிழங்கு, ஆரஞ்சுத் தோல், இன்னும் ஈரத்தை உலர்த்துகிற வேர்கள் என்று கட்டிக் கொடுத்தார். மயிரிழை ஊசிகளும் குத்தினார். மூன்றாம் மாதம் கோமளாவுக்கு மாதவிலக்கு ஒழுங்காக வந்தது.

நான் அந்தச் சீட்டைப் பார்த்து எழுதி வைத்துக்கொண்டேன். மருந்து இல்லையாமே! இதோ இருக்கிறது.

சின்சே பினாங்கு போயிருந்த ஒரு வியாழக்கிழமை தனபாக்கியம் அக்கா வந்தார். கோயிலில் பழக்கம். கையில் மருமகளின் ஸ்கேன். மருமகள் வரவில்லை.

"குணவதி, நீ ஆஸ்பத்திரியில இருந்தவ. இதைப் பாரு. கல்யாணம் ஆகி மூணு வருஷம். தைப்பூசத்துக்குள்ள பிள்ளை நிக்கலன்னா அவளை அம்மா வீட்டுக்கு அனுப்பிட்டு மகனுக்கு வேற பார்த்துடுவேன். சொல்லிட்டேன்."

"உங்க மகன் என்ன சொல்றான்?"

"அவன் என்னத்தைச் சொல்றது?"

ஸ்கேன் அச்சு அசலாகக் கோமளாவின் ஸ்கேன்போல இருந்தது. அதே கறுப்பு வட்டங்கள், அதே வரிசை. ஒரு பெண்ணின் குடும்பத்தைக் காப்பாற்றப் போகிறேன் என்ற நினைப்பு எனக்கு. கோமளாவின் மருந்தையே இருபத்தொரு பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். சின்சே வந்ததும் சொல்லவில்லை. குணமான பிறகு சொல்லி அசத்தலாம் என்றிருந்தேன், புத்திசாலி.

மூன்று வாரம் கழித்து தனபாக்கியம் அக்கா மருமகளோடு வந்தார். விமலேஸ்வரி. பள்ளிக்கூட அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. இருபத்தொன்பது வயது, ஒல்லியான பெண். உதடு வெடித்திருந்தது, நெற்றி முழுக்கப் பரு.

"உங்க மருந்துல ஒண்ணும் ஆகல. இருந்ததும் கெட்டுப்போச்சு" என்றார் அக்கா.

சின்சே ஒருமுறை என் பக்கம் திரும்பினார். பிறகு சின்னத் தலையணையை மேசைமேல் வைத்து, விமலேஸ்வரியின் கையை அதன்மேல் வைத்தார்.

"எத்தனை நாளா மாதவிலக்கு வரல?"

"நாலு மாசமா வரல" என்றார் தனபாக்கியம் அக்கா.

"தூக்கம் எப்படி?"

"எங்க தூங்குறது?" அதுவும் அக்காதான்.

"மார்பு வலி?"

"அதெல்லாம் இருக்கும். மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிறது வேற."

சின்சே விமலேஸ்வரியின் கையை எடுத்து அவள் மடியில் வைத்தார். தனபாக்கியம் அக்காவின் கையை இழுத்துத் தலையணைமேல் வைத்து மூன்று விரலால் அழுத்தினார்.

"ஏய், எனக்கு எதுக்கு?"

"பதில் சொல்றவங்களுக்குத்தான் நான் நாடி பார்ப்பேன். என்ன வயசு?"

"அறுபத்திரண்டு."

"அறுபத்திரண்டு வயசுல நாலு மாசமா மாதவிலக்கு வரல. அருமையான உடம்பு ஆண்ட்டி. மருந்தே வேணாம், வீட்டுக்குப் போகலாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அக்கா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு எழுந்தார்.

"விளையாடுறியா? ஒண்ணே ஒண்ணு சொல்லு. எத்தனை மாசத்துல பிள்ளை நிக்கும்?"

"தெரியாது."

"தெரியாதா? அப்ப என்னத்துக்குக் கடையைத் திறந்து வெச்சிருக்கே?"

"மாதவிலக்குக்கும் தூக்கத்துக்கும் மருந்து குடுத்துப் பார்க்கலாம். டாக்டர் குடுத்த மாத்திரையை நிறுத்தவும் சொல்ல மாட்டேன். ஆனா பிள்ளைக்குத் தேதி போட்டுக் குடுக்கிற ஆள் நான் இல்ல. யார் குடுத்தாலும் நம்பாதீங்க."

"பிள்ளை நிக்காம மாதவிலக்கு மட்டும் வந்து யாருக்கு வேணும்?"

"எனக்கு வேணும்."

விமலேஸ்வரிதான். உள்ளே வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது. அக்கா திரும்பிப் பார்த்தார். அவள் தலையைக் குனியவில்லை.

"எனக்கு வேணும் அத்தை. எனக்குத் தூக்கம் வேணும். இந்த வலி போகணும். உங்களுக்குப் பேரன் வரட்டும், வராம போகட்டும், என் உடம்பு எனக்கு நல்லா இருக்கணும்."

எனக்கு எழுந்து போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அதற்கான யோக்கியதை எனக்கு இல்லை என்று அடுத்த நொடியே தெரிந்துவிட்டது. அக்கா போகிற போக்கில் என்னைக் காட்டினார்.

"அந்த மருந்தைக் குடுத்ததே இவதான், கேட்டுக்கோ. நான் காடியில இருக்கேன். அஞ்சு நிமிஷத்துல வரணும்."

அக்கா காருக்குப் போனார், கதவு சாத்திக்கொண்டது. சின்சே குரலை உயர்த்தவில்லை.

"யாருக்கு எழுதின மருந்துக்கா?"

"கோமளாவுக்கு."

"இவ நாக்கைப் பார்த்தீங்களா?"

"இல்ல."

"நாடி?"

"ஆளே வரல சின்சே. ஸ்கேன் ஒண்ணா இருந்துச்சு."

"இப்ப ஆள் வந்திருக்கு. கையைப் பிடிங்க."

பிடித்தேன். விரலுக்குக் கீழே நாடி விறைத்து நின்றது.

"எப்படி இருக்கு?"

"இழுத்துக் கட்டின கொடிக்கயிறு மாதிரி."

"காலையில கோமளாவுக்குப் பார்த்தீங்களே, அது?"

"தட்டுல பட்டாணி உருள்ற மாதிரி."

விமலேஸ்வரி நாக்கை நீட்டினாள். மெல்லிய நாக்கு, ஓரமெல்லாம் சிவந்து, மேலே ஒன்றும் படியாமல் காய்ந்து கிடந்தது.

"ஈரம் எங்க இருக்கு, காட்டுங்க."

"இல்ல சின்சே."

"இல்லாத ஈரத்தை இருபத்தொரு நாள் உலர்த்தியிருக்கீங்க."

அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. வீம்புக்குக் கேட்டேன்.

"அப்ப ஸ்கேன் பொய்யா?"

"பொய் இல்ல. தெருவுல தண்ணி நிக்குதுன்னு அது படம் பிடிச்சுக் காட்டுது. மழையா, குழாய் உடைஞ்சதான்னு அந்தத் தெருவுல இருக்கிறவங்களைத்தான் கேட்கணும். ஒருத்திக்கு ஈரம். ஒருத்திக்குச் சிறுநீரகத்துல சூடு பத்தாது, காலெல்லாம் ஜில்லுன்னு இருக்கும். இவளுக்குக் கல்லீரல். ரத்தத்தை நகர்த்தி விடுறது அதோட வேலை. மூணு வருஷமா வீட்டுல வாயைத் திறக்க முடியாம அது இறுகிப் போய்க் கிடக்கு. எங்க பாஷையில அப்படித்தான் சொல்வோம்."

நான் விமலேஸ்வரியிடம் திரும்பினேன். "மன்னிச்சிரும்மா. தப்பு என்னோடதுதான்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் ஆண்ட்டி" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். நான் தலையை ஆட்டினேன்.

சின்சே அவளைத் திரைக்குப் பின்னால் படுக்க வைத்து, கால் பெருவிரலுக்குப் பக்கத்திலும் வயிற்றிலும் ஊசி வைத்தார். இருபது நிமிடம் என்றார். ஐந்தாவது நிமிடத்தில் வெளியே காடி ஹார்ன் அடித்தது. பத்தாவது நிமிடத்தில் விடாமல் அடித்தது. மார்க்கெட்டே திரும்பிப் பார்த்திருக்கும்.

"எடுத்துடவா?" என்றார் சின்சே.

"வேணாம். இருபது நிமிஷம்னுதானே சொன்னீங்க."

ஹார்ன் நின்றது. காடி கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. அவள் கண்ணைத் திறக்கவில்லை. அன்றைக்கு அவளைப் பஸ் ஏற்றிவிட்டது நான்தான்.

மூன்று வாரம் கழித்து, நல்ல மழையில், அவள் தனியாக வந்தாள். தோளில் துணிமணி அடைத்த பெரிய பை.

"முந்தாநாள் வந்துடுச்சு" என்றாள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். "தூக்கமும் பரவால்ல."

"உங்க அத்தை?" என்றேன்.

"அந்தக் கடைக்குப் போனா வீட்டுப் படி ஏறாதேன்னுட்டாங்க. கிளம்பி வந்துட்டேன்."

"உன் புருஷன்?"

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டாந்து விட்டாரு. வேற வீடு பார்ப்போம்னு சொல்றாரு. பார்ப்பாரான்னு தெரியல."

"பார்க்கலன்னா?"

"எனக்கும் சம்பளம் வருது ஆண்ட்டி. நானே பார்த்துக்குவேன்."

சின்சே அவள் நாடியைப் பிடித்துப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், நானும் பார்த்தேன். பிறகு அவளைத் திரைக்குப் பின்னால் படுக்க வைத்தோம். சின்சே தராசை எடுத்துக்கொண்டு இழுப்பறைப் பக்கம் வந்தார். எனக்கு நிலை கொள்ளவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"சின்சே, உள்ளதைச் சொல்லுங்க. இவளுக்குப் பிள்ளை நிக்குமா?"

"தெரியாதுக்கா."

"நிக்கலன்னா இவ கதி என்ன? புருஷனும் கை விட்டுட்டா? தைப்பூசத்துக்கு இன்னும் ஆறே வாரம். கரு நிக்க உதவுற வேர் இருக்குன்னு நீங்கதானே ஒரு நாள் சொன்னீங்க. அதையும் சேர்த்துப் போடுங்க. எனக்குப் பயமா இருக்கு சின்சே."

அவர் தராசைக் கீழே வைத்தார்.

"இன்னிக்கு யாருக்கா வந்திருக்கிறது?"

"விமலேஸ்வரி."

"கூட யாராச்சும் வந்தாங்களா?"

"இல்ல. தனியாத்தான் வந்தா."

"பிறக்காதவங்களுக்கு நான் வைத்தியம் பார்க்கிறதில்ல. பிறந்து, காய்ச்சல்னு தூக்கிட்டு வந்தா அன்னிக்குப் பார்ப்பேன். இன்னிக்கு வந்திருக்கிறவ முழு ஆளு. அவளுக்கு மட்டும் கட்டுங்க."