சின்னத் தொட்டிக்கு எந்த மீன்?

தூத்துக்குடியில் கடற்கரைச் சாலையை ஒட்டிய தெரு ஒன்றில் இன்னாசி இருந்தார். காலையில் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பார். மற்ற நேரமெல்லாம் மீன்தான். குளத்து மீன் இல்லை, கடல் மீன். கூடம் முழுக்கக் கண்ணாடித் தொட்டிகள். உள்ளே பாறை, பாறைமேல் பூப்போல விரிந்து சுருங்கும் மென்பவளம், ஊடே விரல்நீள மீன்கள். வயது முப்பதைத் தாண்டியிருக்காது. இருந்தாலும் ஊரில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்.

மீன் வளர்க்க ஆசைப்பட்டு வருகிறவர்களில் பாதிப்பேர் மறுபடி வருவதில்லை. மீனைக் கேட்டால் காத்திருக்கச் சொல்கிறார் என்று குறைப்பட்டுக்கொள்வார்கள்.

சண்முகவடிவு திரும்பத் திரும்ப வந்தாள். தபால் ஆபீசில் வேலை. நாற்பது வயதுக்குமேல் கல்யாணம் ஆனவள். கணவனுக்கு மூத்த தாரத்து மகள் ஒருத்தி உண்டு, கனிஷ்கா. ஆறாம் வகுப்பு. அந்தப் பிள்ளை வடிவிடம் முகம் சுளித்ததில்லை, எதிர்த்துப் பேசியதில்லை. கேட்டால் பதில் சொல்லும். தானாக ஒரு வார்த்தை பேசாது.

ஒரு கல்யாண வீட்டில், வரவேற்பறையில் இருந்த கடல்மீன் தொட்டி முன்னால் கனிஷ்கா பந்திக்குக்கூடப் போகாமல் நின்றதை வடிவு பார்த்தாள். அந்த வாரமே மாஸ்டர் வீட்டை விசாரித்து வந்துவிட்டாள். யாருக்காக என்று மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

மேசைமேல் வைக்கிற அளவில் ஒரு தொட்டி போதும் என்றார். தண்ணீரையும் பாறையையும் வைத்துவிட்டுச் சும்மா இருக்கச் சொன்னார். இருந்தாள். பாறை பழுப்பாகி, பாசி படர்ந்து, பிறகு தானே தெளிந்தது. ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்து கொடுத்தாள். சோதித்துப் பார்த்தார்.

"இப்ப மீன் விடலாமா மாஸ்டர்?"

"விடலாம்க்கா."

"எந்த மீன்?"

"பாருங்க."

வடிவு ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்துக்கொண்டு போனாள். ஓரிடத்தில் கால் நின்றது. நீலத்திலும் பச்சையிலும் கோலம் போட்டதுபோல ஒரு மீன், பாறையில் உரசி உரசி மெதுவாக நகர்ந்தது.

"இது மாண்டரின்" என்றார் இன்னாசி. "பாறையில ஊர்ற பொடிப் பூச்சியத்தான் தின்னும். பெரிய தொட்டின்னா அது பெருகிக்கிட்டே இருக்கும். உங்க தொட்டியில சீக்கிரம் தீந்துபோகும்."

"நான் வேற தீனி போடுறேன்."

"போடுவீங்க. அது தொடாது."

"பக்கத்துலயே இருந்து பாத்துக்கிட்டாலுமா?"

"பட்டினி கிடந்தாலும் நிறம் மாறாதுக்கா. இப்படியே அழகாத்தான் இருக்கும். நமக்குத் தெரியவே தெரியாது."

வடிவு அங்கிருந்து நகர்ந்தாள். அடுத்து அவள் காட்டியது நீல டேம்சல் மீன். தீக்குச்சி உரசியதுபோலப் பளிச்சென்று இருந்தது. ஒரு நொடிகூட ஓரிடத்தில் நிற்கவில்லை.

"பிள்ளைங்களுக்கு இது பிடிக்கும், இல்லையா மாஸ்டர்?"

"பிடிக்கும். ஆனா அது சூரன். சின்ன இடத்துல வேற மீன இருக்க விடாது."

அவர் எடுத்துக் கொடுத்தது வேறு. வெளிறிய, கோடுபோட்ட சின்ன கோபி மீன் ஒன்று. கூடவே ஒரு இறால்.

"இது ரெண்டும் ஒரே வளையில இருக்கும்" என்றார். "இறாலுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. அது குழி தோண்டும். மீன் வாசல்ல நின்னு காவல் பாக்கும்."

கொண்டுபோய் விட்டாள். இரண்டும் பாறைக்கடியில் போனவைதான், வெளியே வரவே இல்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்த கனிஷ்கா தொட்டிமுன் நின்றாள். வெகுநேரம் பார்த்தாள். "மீன் எங்க?" என்று கேட்டாள். பதில் கிடைத்ததும் போய்விட்டாள். மறுநாளும் எட்டிப் பார்த்தாள். அதற்கடுத்து அதுவும் இல்லை.

வடிவு மாஸ்டரிடம் ஓடினாள்.

"அது ஒளிஞ்சே கிடக்கு மாஸ்டர்."

"நல்லது."

"நல்லதா?"

"ஒளிய இடம் கிடைச்சிருச்சே."

வடிவுக்கு மனம் ஆறவில்லை. திரும்பும் வழியில் வேறொரு கடையில் ஏறி ஒரு நீல டேம்சலை வாங்கிவிட்டாள்.

வீட்டில் தொட்டி ஒரே கொண்டாட்டமாக மாறியது. நீல மீன் மேலும் கீழும் பாய்ந்தது. தீனி போட்டால் கைவிரல்வரை வந்தது. கனிஷ்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வடிவின் கணவனே, "பரவாயில்லையே" என்றான். வடிவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்த வாரக் கடைசியில் கோபி வளையை விட்டுத் தலைநீட்டியது. நீல மீன் அம்புபோல வந்து இடித்தது. மறுபடி நீட்டியது, மறுபடி இடித்தது. பிறகு கோபி தொட்டியின் மேல்மூலையில், தண்ணீர் விழும் குழாய்க்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டது. அதன் வால் கிழிந்திருந்தது. வளை வாசலில் நீல மீன் நின்றது.

கனிஷ்கா கண்ணாடியில் நெற்றியை ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வடிவு பின்னால் வந்து நின்றதை அவள் கவனித்தாளோ என்னவோ.

"அதுதான் முதல்ல இங்க இருந்துச்சு" என்றாள். "இது புதுசா வந்துட்டு எல்லாத்தையும் எடுத்துக்கிச்சு."

வடிவு ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"வா, இத வெளிய எடுத்துருவோம்" என்றாள்.

கனிஷ்கா திரும்பிப் பார்த்தாள். "எப்படி?"

வலையைக் கண்டதும் நீல மீன் பாறை இடுக்கில் புகுந்துகொண்டது. வடிவு மாஸ்டருக்குப் போன் போட்டாள். தான் செய்ததையும் சொன்னாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

"தண்ணி பாட்டிலோட கழுத்த வெட்டி, அதையே தலைகீழா உள்ள சொருகுங்க. அடியில துளி இறால் துண்டு. தொட்டிக்குள்ள படுக்க வச்சிட்டு அசையாம உக்காந்துருங்க."

"கோபி போய் மாட்டிக்கிட்டா?"

"அது மாட்டாது. எல்லாம் தன்னோடதுன்னு நினைக்கிறதுதான் மொதல்ல நுழையும்."

வடிவு பாட்டிலை வெட்டினாள். கனிஷ்கா பிடித்துக்கொண்டாள். தொட்டிக்குள் வைத்துவிட்டு இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். நீல மீன் பாட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தது. வாய்வரை போகும், திரும்பிவிடும். "போ, போ" என்று கனிஷ்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். ஒருமுறை வடிவுக்குத் தும்மல் வந்து, அதை அடக்கப்போய் விநோதமான ஒரு சத்தம் கிளம்பியது. மீன் ஓடிவிட்டது. கனிஷ்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தப் பிள்ளை சிரித்து வடிவு அன்றுதான் பார்த்தாள்.

கடைசியில் நீல மீன் உள்ளே போனது. கனிஷ்கா கூவியதில் பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

அன்று மாலையே இருவரும் அதைப் பையில் போட்டுக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்கு வந்தார்கள். இன்னாசி அதைக் கூடத்திலேயே பெரிய தொட்டியில் விட்டார். இரண்டு மீன்கள் வந்து முறைத்துப் பார்த்தன. நீல மீன் ஒரு பாறை விரிசலுக்குள் பதுங்கி, மூக்கை மட்டும் நீட்டியது.

"எங்க வீட்டுல இருந்ததா இது?" என்றாள் வடிவு.

"அதேதான்க்கா. கெட்ட மீன்னு ஒண்ணு இல்ல."

வீட்டில் கோபி இறங்கி வந்து வளை வாசலில் நிற்கத் தொடங்கியது. வால் ஆறியது. இறால் கூழாங்கல்லைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்போதெல்லாம் ஒரு மீசையை மீனின் வால்மேல் வைத்துக்கொள்வதைக் கனிஷ்காதான் முதலில் கண்டுபிடித்தாள். அடுக்களைக்கு வந்து வடிவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். காட்டி முடித்ததும் கையை விட்டுவிட்டுப் பழையபடி தன் அறைக்குப் போய்விட்டாள்.

சில வாரம் கழித்து இன்னொரு மீன் வேண்டும் என்று அவளே கேட்டாள். மறுபடி இருவரும் மாஸ்டர் வீட்டுக்குப் போனார்கள்.

"இப்ப எந்த மீன் மாஸ்டர்?" என்றாள் வடிவு.

"கோமாளி மீன் குஞ்சு ஒண்ணு. அந்த அறையில இருக்கு. பாப்பா பாத்து எடுக்கட்டும்."

கனிஷ்கா உள்ளே ஓடினாள். இன்னாசி, சுற்றிலும் ஓட்டை போட்ட சின்னக் கண்ணாடி டப்பா ஒன்றை எடுத்து வந்தார்.

"புதுச நேராத் தொட்டியில விடாதீங்க. இதுக்குள்ள விட்டு, இதத் தொட்டிக்குள்ள தொங்கவிடுங்க. அதுவும் பாக்கட்டும், கோபியும் பாக்கட்டும்."

வடிவு டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே கனிஷ்கா ஏதோ ஒரு மீனிடம் பேசிக்கொண்டிருப்பது கேட்டது.

"மாஸ்டர், நான் மீனப் பத்தி மட்டும் கேக்கல."

"நான் மீனப் பத்தி மட்டும்தான்க்கா சொல்றேன்."

வடிவு சிரித்துவிட்டாள்.

"சரி, மீனப் பத்தியே கேக்குறேன். இதுக்குள்ள இருக்கிறத எப்ப தொறந்துவிடலாம்?"

"பழசு இதுக்கு முன்னால வந்து பயமில்லாம இரை எடுக்கும்ல, அப்ப."

"அதுக்கு ரொம்ப நாள் ஆயிருச்சுன்னா?"

"ஆகட்டுமே" என்றார் இன்னாசி. "டப்பாவும் அதே தண்ணிக்குள்ளதானக்கா இருக்கு."