பாத்துக் கத்துக்கோங்க

மந்தலூர்ப் பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியார் துரைக்கண்ணு ரொம்ப நல்ல மனுஷர். யார் என்ன சொன்னாலும் அப்படியே கேட்பார். வந்த வினையெல்லாம் அதனால்தான்.

இருபத்திரண்டு வருஷமாக மிளா படத்தைக் கரும்பலகையில் வரைந்து, "நம்ம நாட்டு மான்லயே பெரிசு இதுதான்" என்று பாடம் எடுத்தவர், ஒரு மிளாவைக்கூட நேரில் பார்த்ததில்லை. "நீங்க பாத்திருக்கியளா சார்?" என்று பிள்ளைகள் கேட்டால், தொண்டையைச் செருமிக்கொண்டு பக்கத்தைப் புரட்டுவார். ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டுமென்று அவருக்கு அப்படி ஒரு ஏக்கம். அதனால் காட்டுக்குள் போய்ப் பாடம் நடத்த அனுமதி கிடைத்ததும், ஒன்பதாம் வகுப்பில் ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கேட்டில் வனவர் செபஸ்தியான் நின்றார். "ஓடைக்கு மிளா வரும் சார். ரெண்டே விஷயம். கொண்டு போறதைத் திரும்பக் கொண்டு வந்திரணும். எதையும் தொடாம, பாத்துக் கத்துக்கோங்க. மீறினா அடுத்த வருஷம் உள்ள விடமாட்டேன்."

ஓடைக்கரையில் புளிச்சோற்றைப் பிரித்ததுமே சிக்கல்.

"தின்னுட்டா எப்படி சார் திரும்பக் கொண்டு போறது?" என்றாள் வடிவு. வகுப்பு லீடர் அவள்.

வாத்தியார் தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார். "வயித்துல வச்சுக் கொண்டு போவம்."

எல்லாரும் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் இசக்கிராஜா எழுந்தான். "சார், ஒண்ணுக்கு..."

"நீ குடிச்சது யாரு கொண்டுவந்த தண்ணி?"

"நம்ம பாட்டில் தண்ணி சார்."

"அப்பம் இங்க விடப்படாது. உக்காருலே."

அவன் காலை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

"இன்னொண்ணு சார். கத்துக்கோங்கன்னா என்ன?" என்றாள் வடிவு.

"எடுத்துக்கோங்கன்னா எடுங்க. படுத்துக்கோங்கன்னா படுங்க. கத்துக்கோங்கன்னா?" என்று வாத்தியார் திருப்பிக் கேட்டார்.

"கத்துங்க!" என்றார்கள் பிள்ளைகள்.

இலக்கணத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அப்போது அக்கரைப் புதரில் இரண்டு கொம்புகள் தெரிந்தன. வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. கத்த அவருக்கு மனசே இல்லை. ஆனால் சொன்னதை மீறலாமா? கண்ணை இறுக மூடிக்கொண்டு, "கத்துங்க பிள்ளேளா!" என்றார்.

எட்டுப் பேரும் கத்திய கத்தில் கொம்பு மறைந்தது. யானை வந்துவிட்டதென்று செபஸ்தியான் செருப்பைக் கையில் பிடித்தபடி ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ சார், கத்துக்கறதுன்னா படிக்கறது! சத்தம் போடாம இருங்க, தாகத்துக்குத் திரும்ப வரும்."

அவர் போனதும் வாத்தியார் எல்லாருக்கும் புத்தகத்தை எடுக்கச் சொன்னார். எட்டுத் தலைகளும் குனிந்தன. வரிக்கு வரி விரல் வைத்து, சத்தமே இல்லாமல் படித்தார்கள். அரை மணி கழித்து முழு மிளா ஒன்று அக்கரையில் வந்து நின்று, சாவகாசமாகத் தண்ணீர் குடித்தது.

அவசரம் தாங்காமல் நெளிந்த இசக்கிராஜாதான் நிமிர்ந்தான். "சார், மிளா!" என்று கிசுகிசுத்தான்.

வாத்தியார் தலையைத் தூக்காமலே பரபரத்தார். "எந்தப் பக்கம்லே?"

"எதிர்ப் பக்கம் சார்!"

வாத்தியார் எதிர்ப் பக்கத்தில் விரல் வைத்து, மேலிருந்து கீழ்வரை தேடினார்.

"இதுல தவளைதாம்லே இருக்கு."