எட்டு ஃப்ரேம்

“எனக்கு அப்புறம் வந்தவங்களுக்கு அந்த வேலையைக் குடுத்துட்டீங்க. ஏன் டீச்சர்?”

கேட்டவன் எட்வின் தாஸ். நாற்பத்தேழு வயது. பதினெட்டு வருடம் கல்யாண வீடியோ எடுத்தவன். மூன்று வருடமாக ஷரீபாவிடம் வேலை கற்கிறான்.

ஷரீபா அவனைவிடப் பதிமூன்று வயது சிறியவள். தக்கலையில், ஒரு பேக்கரியின் மாடியில், வீடியோக்களை மாற்றித் தரும் கடை வைத்திருந்தாள். போனில் எடுத்தது சில டி.வி.யில் ஓடாது. பழைய கேமராவில் எடுத்தது போனில் ஓடாது. மாற்றினால் ஓடும். ஆனால் மாற்றும்போது சில சமயம் உதடு ஒரு பக்கம் போகும், குரல் ஒரு பக்கம் போகும். இரண்டையும் சேர்த்துவைக்கத் தெரிந்தவள் என்று நாகர்கோவில் வரைக்கும் அவளுக்குப் பெயர். கொஞ்ச காலம் பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்ததால் எல்லோருக்கும் அவள் டீச்சர்.

அப்புறம் வந்தவள் லில்லிபாய். ஏழு மாதம் முன்புவரை வீட்டில் பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தவள்.

ஷரீபா கம்ப்யூட்டரில் ஒரு வீடியோவை ஓடவிட்டாள். ஏதோ ஆண்டுவிழா. மேடையில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார்.

“வாயும் சத்தமும் சேருதா?”

எட்வின் ஒரு நிமிடம் பார்த்தான். “சேருது.”

“குடுத்திரலாமா?”

“தாராளமா.”

அவள் உள்ளறையைப் பார்த்துக் கூப்பிட்டாள். “லில்லி, கொஞ்சம் வாங்க. இதைப் பாருங்க.”

லில்லிபாய் வந்தாள். தொடக்கத்தைப் பார்த்தாள். நடுவில் ஓரிடம் பார்த்தாள். கடைசிக்கு இழுத்தாள். மேடையில் பேசியவர் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் குரல் மட்டும் இன்னும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தது.

“போகப்போக விலகுது டீச்சர். கடைசியில ரெண்டு செகண்டு.”

ஷரீபா எட்வினைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

பதில் கிடைத்துவிட்டது.

*

அந்த வேலை இதுதான்.

ராபின்சன் என்று ஓர் ஆட்டோக்காரர். அவர் மகள் அபிஷாவுக்கு ஆறு வயது. பிறவியில் காது கேட்காது. போன வருடம் ஆபரேஷன் செய்து, காதுக்குப் பின்னால் தலையில் ஒட்டிக்கொள்ளும் கருவி பொருத்தினார்கள். இப்போது சத்தம் கேட்கும். ஆனால் எந்தச் சத்தம் எந்தச் சொல் என்று தெரியாது. உதட்டைப் பார்த்து, சத்தத்தைக் கேட்டு, இரண்டையும் சேர்த்துச் சேர்த்துத்தான் பழக வேண்டும்.

அம்மா ஷைனி குவைத்தில் நர்ஸ். வாரம் ஒரு வீடியோ போனில் எடுத்து அனுப்புவாள். ஒரு பந்தைக் காட்டி, “பந்து” என்பாள். வாழைப்பழத்தைக் காட்டி, “பழம்” என்பாள். வீட்டு டி.வி.யில் அது ஓடவில்லை. வேறெங்கோ கொடுத்து மாற்றினார் ராபின்சன். ஓடியது. ஆனால் ஐந்தாவது நிமிடத்தில் அம்மா பழத்தைக் காட்டும்போது குரல் பந்து என்றது.

ஷரீபாவிடம் கொண்டுவந்தார். ஷரீபா அதை லில்லிபாயிடம் கொடுத்தாள்.

லில்லிபாய் இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் சொன்னாள்.

“வெளிச்சம் கொறஞ்சா இந்த போன் மெதுவா எடுக்குது டீச்சர். ஒரு செகண்டுக்கு ஒரு நேரம் முப்பது படம், முப்பது ஃப்ரேம். ஒரு நேரம் இருபத்திரண்டு. மாத்துற நேரம் நாம எல்லாம் ஒண்ணுபோலன்னு நெனச்சுக்கிடுறோம். அதான் விலகுது. முதல்ல ஃப்ரேமையெல்லாம் ஒரே சீரா ஆக்கிட்டு, அப்புறம் மாத்தினா சேருது.”

“செரியா இருக்கு,” என்றாள் ஷரீபா.

எட்வின் அதைக் கேட்டான். அவன் ஒரு வேலை முடித்தால் ஷரீபா “செரி” என்பாள். லில்லிபாய் முடித்தால் “செரியா இருக்கு” என்கிறாள். அந்த அதிகப்படியான ஒரு சொல்லை அவன் வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சோற்றோடு மென்றான்.

*

அதன்பிறகு அவன் கண்ணில் எல்லாம் பட்டது.

டீ வந்தால் யார் பக்கம் முதல் தம்ளர் போகிறது. சந்தேகம் கேட்டால் யாரிடம் நாற்காலியைத் திருப்பிப் பேசுகிறாள். யார் சொன்னதற்குச் சிரிக்கிறாள்.

ஒருநாள் ராபின்சன் ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு வந்தார். “லில்லியக்காவுக்கு” என்று சொல்லி மேஜையில் வைத்தார். அபிஷா முதல்தடவை “அம்மா” என்று சொல்லியிருந்தாள்.

லில்லிபாய் எல்லோருக்கும் பிய்த்துக் கொடுத்தாள்.

“எனக்கு சுகர்,” என்றான் எட்வின். அவனுக்கு சுகர் இல்லை.

வீட்டில் மனைவி கேட்டாள். “அவங்க வேலை நல்லா செய்தா உங்களுக்கென்ன?”

“அவ தச்ச பிளவுஸ் போட்ட பொண்ணுங்களையெல்லாம் நான் படம் எடுத்திருக்கேன்,” என்றான்.

அது பதில் இல்லை என்று அவனுக்கும் தெரிந்தது.

*

ஒரு புதன்கிழமை மத்தியானம். லில்லிபாய் தன் மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். ஷரீபா உள்ளறையில் தொழுதுகொண்டிருந்தாள். அபிஷாவின் அந்த வார வீடியோ முடிந்து தயாராக இருந்தது.

எட்வின் அதைத் திறந்தான். தொடக்கம் பார்த்தான். நடு பார்த்தான். கடைசி பார்த்தான். அப்படிப் பார்க்க இப்போது அவனுக்கும் தெரியும்.

ஒரு சின்னத் தப்பாவது இருந்திருந்தால் அவனுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். அதோடு விட்டிருப்பான்.

இல்லை. உதடு குவிந்த இடத்தில் குரல் குவிந்தது. உதடு மூடிய இடத்தில் குரல் நின்றது.

அவன் திரையில் படத்துக்குக் கீழே ஓடும் குரலின் பட்டையைப் பிடித்துப் பின்னால் தள்ளினான். எட்டு ஃப்ரேம். ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. சேமித்தான்.

கொடுப்பதற்கு முன்னால் டீச்சர் பார்ப்பாள். கண்டுபிடிப்பாள். லில்லிபாயைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்பாள். அந்த ஒரு வார்த்தை போதும். அவ்வளவுதான் நினைத்தான்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ராபின்சன்.

“கீழ ஆட்டோல ஆள் இருக்கு அண்ணே. வீடியோ ரெடியா?”

ஐந்து நிமிடம் பொறுங்கள் என்று சொல்லியிருக்கலாம்.

எட்வின் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தான்.

ஷரீபா வெளியே வந்ததும் கேட்டாள். “நான் பாக்கல்லியே?”

“லில்லி பாத்துட்டுத்தான் போனாங்க.”

“அப்போ செரி,” என்று அவள் வேறு வேலையைத் திறந்தாள்.

அந்த “அப்போ செரி”யும் அவனைச் சுட்டது. தான் பார்த்ததாகச் சொல்லியிருந்தால் அவள் அதைச் சொல்லியிருக்கமாட்டாள்.

*

ஒன்பதாம் நாள் ராபின்சன் வந்தார். பழம் இல்லை. கையில் அபிஷா.

“டீச்சர், பிள்ளைக்கு என்னமோ ஆயிட்டு. அம்மா வீடியோ போட்டா கருவியைக் கழட்டி வச்சிடுறா.”

“மத்த நேரம்?”

“மத்த நேரமெல்லாம் போட்டிருக்கா. நாய் கொரைச்சா திரும்பிப் பாக்கா. அம்மா முகம் வந்தா மட்டும் கழட்டுறா. சத்தமில்லாம முகத்தை மட்டும் பாத்துட்டு இருக்கா.”

ராபின்சன் மகளை நாற்காலியில் உட்காரவைத்தார்.

“நான் ஒரு பாவி, அவகிட்ட போன்ல சொல்லிட்டேன். உன் சத்தம் பிள்ளைக்குப் பிடிக்கல்லன்னு. அவ ஒண்ணும் சொல்லல்ல. இந்த வாரம் வீடியோ வரல்ல.”

ஷரீபா பென்டிரைவை வாங்கிச் செருகினாள். தொடக்கம். நடு. கடைசி.

“போகப்போக விலகல்ல,” என்றாள். “முதல்ல இருந்தே ஒரே அளவு தள்ளி நிக்குது.”

லில்லிபாயின் முகம் வெளுத்தது. “நான் பாத்துத்தான் வச்சேன் டீச்சர். பாத்தேன்னுதான் நெனச்சேன்.” ராபின்சன் பக்கம் திரும்பினாள். “என் தப்புதான் தம்பி. பள்ளிக்கூடத்துக்குப் போற அவசரத்துல செஞ்சிட்டேன்.”

மாதக்கணக்காக எட்வின் கேட்க நினைத்த சொல் அது. அது வந்துவிட்டது. அவன் தரையைப் பார்த்தான்.

லில்லிபாய் கீபோர்டைத் தொடப் போனாள். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“எட்வின் அண்ணே,” என்றாள் ஷரீபா. “நீங்க உக்காருங்க.”

அவன் உட்கார்ந்தான். குரலின் பட்டையைத் தேர்ந்தெடுத்தான். ஒரே விசையை எட்டுத் தடவை தட்டினான். சேமித்தான். பெரிய திரையில் ஓடவிட்டான்.

ராபின்சன் மகளின் தலையில் கருவியை ஒட்டினார். அம்மாவின் முகம் வந்ததும் அபிஷாவின் கை அதைக் கழற்ற மேலே போனது.

திரையில் ஷைனி ஒரு குடையை விரித்தாள். “குடை.”

அபிஷாவின் கை காதருகே நின்றது.

ஷைனி ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, விரல்களை மேலிருந்து கீழே இறக்கினாள். “மழை.”

கை இறங்கியது.

“மழை,” என்றாள் ஷைனி மறுபடியும்.

“மளெ,” என்றாள் அபிஷா.

ராபின்சன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

லில்லிபாய் கண்ணைத் துடைத்தாள். பிறகு, வேலை தெரிந்த ஒருத்தி இன்னொருவரிடம் கேட்கும் ஆர்வத்தோடு கேட்டாள்.

“ஹெட்போன் போடல்ல. ஒரு தடவைகூட ஓட்டிப் பாக்கல்ல. எத்தனை தள்ளணும்னு எப்படித் தெரிஞ்சுது அண்ணே?”

அவள் கண்ணில் சந்தேகம் இல்லை. மதிப்புதான் இருந்தது.

அனுபவம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் நம்புவாள். இனி எப்போதும் அவனுக்குக் கீழேதான் தன்னை வைத்துக்கொள்வாள். டீச்சர்கூட “செரியா இருக்கு” என்று சொல்லலாம்.

எட்வின் ஷரீபாவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை அடுத்த சொல்லுக்காக அம்மாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“நான்தான் தள்ளி வச்சேன்,” என்றான் எட்வின்.

“என்னது?”

“லில்லி செஞ்சதுல தப்பில்ல. அவங்க போனபிறகு நான் தள்ளினேன். எட்டு ஃப்ரேம்.”

லில்லிபாய் ஒரு அடி பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்தாள். “எதுக்கு அண்ணே? நான் உங்களுக்கு என்ன செஞ்சேன்?”

மூன்று வருடம், டீ தம்ளர், ஒரு சொல். வாய்விட்டுச் சொல்லும் அளவுக்கு ஒன்றும் இல்லை.

ராபின்சன் எழுந்து அவன் முன்னால் வந்து நின்றார். கை ஓங்கவில்லை. மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அங்க ஒருத்தி நாலஞ்சு நாளா அழுதுட்டுக் கெடக்கா. அந்த முகத்தோட டியூட்டிக்குப் போறாளான்னுகூட எனக்குத் தெரியாது.”

“நான் இனி இங்க வரமாட்டேன் டீச்சர்,” என்றான் எட்வின். பையை எடுத்தான்.

ஷரீபா அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. ராபின்சனிடம் கையை நீட்டினாள். “போனைக் குடுங்க. ஷைனிக்கு இப்ப என்ன நேரம்?”

“சாப்பாட்டு நேரம்.”

அவள் வீடியோ அழைப்பைப் போட்டாள். மணி போனது. எட்வினின் தோளிலிருந்து பையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். போனை அவன் கையில் வைத்தாள்.

“நான் என்ன சொல்ல டீச்சர்?”

அவள் நகர்ந்துபோய் லில்லிபாயின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

திரையில் ஷைனி வந்தாள். வெள்ளை உடுப்பு. பின்னால் யாரோ தட்டோடு நடந்துபோனார்கள். தெரியாத ஆளைப் பார்த்துப் புருவம் சுருங்கியது.

எட்வின் சொன்னான். பெயரைச் சொன்னான். செய்ததைச் சொன்னான். வீடியோவில் உங்கள் வாயை விட்டுக் குரலைத் தள்ளிவைத்தது நான், அதனால்தான் பிள்ளை கருவியைக் கழற்றினாள் என்று சொன்னான்.

ஷைனியின் முகம் மாறாமல் இருந்தது. லைன் அவ்வளவு நன்றாக இல்லை. அவன் சொன்னது இன்னும் போய்ச் சேரவில்லை.

பிறகு அவள் கண் விரிந்தது. உதடு அசைந்தது. வேகமாக, நீளமாக, ஏதோ சொன்னாள். சத்தம் வரவில்லை.

திட்டுகிறாளா, கேட்கிறாளா, அழுகிறாளா, தெரியவில்லை. அவன் அந்த உதட்டையே பார்த்தான். போனைக் காதோடு வைத்தான். முகம் தெரியவில்லை. திரும்ப எடுத்து முகத்தைப் பார்த்தான்.

உதடு மூடிவிட்டது. அதற்குப் பிறகுதான் குரல் வந்தது.

“அப்போ என் சத்தம் அவளுக்குப் பிடிக்காமப் போகல்லியா?”

“இல்லம்மா,” என்றான் எட்வின்.

அது அங்கே போய்ச் சேரும்வரைக்கும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.