நகக்கோடு போடாத உடும்பு

ஒரு காட்டில், ஆற்றங்கரையில் ஒரு மருதமரம் நின்றது. குழந்தைகளே, அந்த மரத்தை விதைத்தது காற்று. வளர்த்தது மழை. அதில் பொந்து குடைந்தது மரங்கொத்தி. ஆனால் மரத்தின் சொந்தக்காரர் ஓர் உடும்பு.

எப்படி என்று கேட்கிறீர்களா? உடும்பின் பாட்டனுக்குப் பாட்டன் அந்த மரத்தில் ஏறி முதன்முதலாக வெயில் காய்ந்தாராம். சொத்துரிமைகள் பலவும் அப்படித்தான் பிறந்தன. உடும்பும் தினம் காலையில் அதே கிளையில் படுத்து அந்த உரிமையைப் புதுப்பித்துவந்தது. வேறு வேலை எதையும் அது செய்து யாரும் பார்த்ததில்லை.

பொந்தில் ஓர் இருவாச்சித் தம்பதி குடியிருந்தது. வாடகை, நாளொன்றுக்கு ஓர் அத்திப்பழம். ஆண் இருவாச்சி மிகவும் நாணயமான பறவை. முதல் பழத்தை உடும்பின் வாயில் போட்ட பிறகுதான் தன் வாயைத் திறக்கும்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வாடகை வந்து சேர்ந்தது என்பதற்கு அடையாளமாக, பௌர்ணமிதோறும் வீட்டுக்காரர் பொந்து வாசலை ஒட்டிய மரப்பட்டையில் நகத்தால் ஒரு கோடு கீற வேண்டும். நகக்கோடு என்று அதற்குப் பெயர். பெண் இருவாச்சி பௌர்ணமிதோறும் கோடு கேட்டது. உடும்பு பௌர்ணமிதோறும் மனம் புண்பட்டது.

"நமக்குள் என்னம்மா கோடு? நான் என்ன ஓடியா போய்விடுவேன்? நகம் வேறு தேய்கிறது" என்று சொல்லிவிட்டு, மறுபக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொள்ளும்.

இப்படியே பன்னிரண்டு மழைக்காலம் போயிற்று. வாசலில் ஒரு கோடுகூட இல்லை.

அடுத்து வந்த கோடையில் பெண் இருவாச்சி முட்டையிடப் பொந்துக்குள் போயிற்று. தன் இனத்தின் முறைப்படி வாசலைச் சேற்றால் பூசி அடைத்து, அலகை நீட்ட மட்டும் ஒரு கீற்று விட்டுக்கொண்டது. உள்ளே போன தாய்க்குச் சிறகுகள் உதிர்ந்துவிடும். புதுச் சிறகு முளைக்கும்வரை பறக்க முடியாது. அதற்குள் யாராவது அடைப்பை உடைத்தால் தாயும் இல்லை, முட்டையும் இல்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு தேனீக்கூட்டம் உடும்பைத் தேடி வந்தது. பொந்து கிடைத்தால் தினம் ஒரு வாய்த் தேன் தருவதாகச் சொன்னது. உடும்புக்கு அன்றே அத்திப்பழம் கசந்துவிட்டது.

காட்டுச் சட்டப்படி, வாடகைக்கு இருப்பவரைக் கிளப்ப மூன்று பௌர்ணமி அவகாசம் தர வேண்டும். அத்துமீறிப் புகுந்தவரை அன்றைக்கே கிளப்பலாம். உடும்பு யோசித்தது. பிறகு நீதிபதி ஆமையிடம் போய், தன் மரத்தில் யாரோ அத்துமீறிப் புகுந்துவிட்டதாக மனுக் கொடுத்தது.

ஆமை தன் வீட்டைத் தானே சுமப்பவர். அதனால் வாடகை வழக்குகளில் பாரபட்சம் பார்க்கமாட்டார் என்று காடு நம்பியது. வாடகை என்றால் என்னவென்றே அவருக்குச் சரியாகத் தெரியாது.

விசாரணை மரத்தடியில் நடந்தது. இந்தப் பறவைகள் உன் வாடகைக்காரர்களா என்று ஆமை கேட்டார்.

"இவர்களை நான் குடிவைக்கவே இல்லை ஐயா" என்றது உடும்பு. "ஒரு பழம்கூட வாங்கியதில்லை. வாங்கியிருந்தால் வாசலில் நகக்கோடு இருக்குமே. நீங்களே பாருங்கள்."

ஆமை கழுத்தை நீட்டிப் பார்த்தார். வாசல் மழமழவென்று இருந்தது.

ஆண் இருவாச்சி பொந்து வாசலருகே வந்து நின்றது. தான் கொடுத்த பழங்களை முதல் நாளிலிருந்து ஒவ்வொன்றாக, எந்த மரத்தில் பறித்தது என்பது உட்படச் சொல்லத் தொடங்கியது. முதல் வாரத்தைத் தாண்டுவதற்குள், கீற்றிலிருந்து ஓர் அலகு நீண்டு அதன் தலையில் கொத்தியது.

"ஏங்க, அதை நிறுத்துங்கள். வீட்டுக்காரர் சொல்வதெல்லாம் சரி என்று சொல்லுங்கள்" என்று பெண் இருவாச்சி கிசுகிசுத்தது.

"என்னது? நான் அத்துமீறியவனா?"

"ஆமாம். பன்னிரண்டு மழைக்காலமாக, காடே பார்க்க அத்துமீறியவர். அதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்கள்."

பாவம், அது கூனிக்குறுகி அப்படியே சொன்னது. உடும்புக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பன்னிரண்டு மழைக்காலமாகத் தானும் தினம் இதைப் பார்த்துக்கொண்டு சும்மாதான் கிடந்ததாகச் சேர்த்துச் சொன்னது.

ஆமை சட்டம் பார்ப்பதற்காக ஓட்டுக்குள் போனார். மறுநாள் மதியம் வெளியே வந்தார்.

"ஒருவர் அனுமதி கேட்காமல், வாடகை தராமல், எல்லாரும் பார்க்கப் பன்னிரண்டு மழைக்காலம் ஓரிடத்தில் இருந்து, சொந்தக்காரரும் சும்மா இருந்தால், இடம் இருந்தவருக்கே. வாடகைக்காரர் என்றால் நூறு மழைக்காலம் இருந்தாலும் வாடகைக்காரர்தான். நல்லவேளை, இவர் வாடகைக்காரர் இல்லை என்று நீயே சொல்லிவிட்டாய். மரம் இருவாச்சியுடையது. நீ கிளையைவிட்டு இறங்கு."

உடும்பு கிளையைக் கட்டிக்கொண்டு அழுதது. தான் சொன்னது பொய் என்றது. தினமும் பழம் வாங்கியதாகவும், வாங்கியதை உடனுக்குடன் தின்றதாகவும் சத்தியம் செய்தது. அதற்கு நகக்கோடு எங்கே என்று ஆமை கேட்டார்.

"கோடு இல்லை ஐயா. ஆனால் நான் காலைக்கடன் கழிக்கும் இடத்தை வந்து பாருங்கள். எங்கே பார்த்தாலும் அத்திக்கன்றுதான்."

அந்த இடம் இருபதடி தூரத்தில் இருந்தது. நீதிபதி நேரில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்ப மூன்று நாள் ஆயிற்று. நிழல் நன்றாக இருந்ததால் ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாராம்.

தீர்ப்பு மாறியது. இருவாச்சிகள் வாடகைக்காரர்கள். வாடகையை ஒழுங்காகக் கொடுத்தார்கள் என்பதற்கு உடும்பே சாட்சி. ஆகவே மூன்று பௌர்ணமிவரை அடைப்பின்மேல் யாரும் கைவைக்கக் கூடாது. அதற்குள், விட்டுப்போன நகக்கோடுகள் அத்தனையையும் உடும்பு கீறிக் கொடுக்க வேண்டும்.

தேனீக்கள் காத்திருக்கவில்லை. வேறு மரம் பார்த்துப் போய்விட்டன. உடும்பு காலைமுதல் மாலைவரை கோடு கீறியது. ஒரு கோடு அழுந்த விழவே அரை நாள் பிடித்தது. வெயில் காய நேரமே கிடைக்கவில்லை. ஒரு சொந்தக்காரர் வேலை செய்வதைப் பார்க்க அடுத்த காட்டிலிருந்தெல்லாம் கூட்டம் வந்தது.

மூன்றாம் பௌர்ணமிக்கு நான்கு நாள் முன்பு, அடைப்பு உள்ளிருந்து உடைந்தது. குஞ்சு தள்ளாடி வெளியே வந்து, ஒரு தாவலில் எதிர்க்கிளைக்குப் பறந்தது. தாய் புதுச் சிறகை உதறிக்கொண்டு வாசலில் நின்றது. கோடுகளை மேலிருந்து கீழ்வரை நிதானமாக எண்ணியது.

"ஐந்தாம் வருஷத்து ஐப்பசிக்கு ஒன்று குறைகிறதே ஐயா" என்றது.

உடும்பு மறுபடியும் நகத்தை நீட்டியது.

நீதி: குடியிருப்பவரின் உரிமையை மறுப்பவன், தன் உரிமையின் வேரையும் சேர்த்தே வெட்டுகிறான்.