முக்காடு போட்ட பள்ளிக்கூடம்

அந்தக் காலத்திலே கூகைமலை அடிவாரத்தைத் தடாகவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டான். நல்லவன்தான், ஆனால் வாயில் வந்ததெல்லாம் சட்டம். மலைச்சனத்துக்கு அவன் பாஷை புரியாது. பாவம், தெரியாமல் மீறிவிட்டுச் சிறைக்குப் போவார்கள். அதனால் சட்டத்தை மலைமொழியில் சொல்ல ஆள் பழக்கும்படி உத்தரவிட்டான். அரண்மனைப் பாஷை கொஞ்சம் தெரிந்த பன்னிரண்டு பேர் மலையிலிருந்து இறங்கி வந்தார்கள். அதில் கெட்டிக்காரி கெம்பி.

வாத்தியார் வித்தியாபூரணர், மலைமொழியை ஏட்டிலேயே கரைத்துக் குடித்தவர். அவர் எழுந்து நின்று வாயைத் திறந்தால் போதும், பன்னிரண்டு பேரும் முக்காட்டை இழுத்துக்கொண்டு குனிந்துவிடுவார்கள். தினமும் இதே கூத்து. மக்குப் பிண்டங்கள் என்று அவர் ராஜாவிடம் கோள் மூட்டினார். பத்து நாளில் ஒரு சட்டத்தையாவது சொல்லிக் காட்டாவிட்டால் பள்ளிக்குப் பூட்டு, மலையாட்கள் வழக்கெல்லாம் இனி அரண்மனைப் பாஷையில்தான் என்றான் ராஜா. போன வருஷம் ஆற்றில் வலை போட்ட கெம்பியின் அண்ணன், என்ன குற்றமென்றே தெரியாமல் இன்னும் சிறையில் கிடக்கிறான்.

மந்திரி பூதனார் அவளருகே வந்து உட்கார்ந்து, முக்காடு எதற்கென்று கேட்டார்.

"எல்லாரும் உக்காந்திருக்க ஒருத்தர் மட்டும் நின்னு பேசினா, எங்க மலையிலே அது சாவுச்சேதி ஐயா. முக்காடு போட்டு வாயை மூடிக்கறதுதான் மரியாதை."

மந்திரி சிரிக்கவில்லை. "அப்போ பாடத்தை எப்படி வைக்கலாம்? நீங்களே சொல்லுங்க."

சொன்னார்கள். மறுநாளே பள்ளி வட்டமாக உட்கார்ந்தது. ஒருவர் சொல்ல, அடுத்தவர் 'ம்' கொட்ட, மூன்றாமவர் தன் போக்கில் திருப்பிச் சொல்வார். 'ம்' எங்கே நிற்கிறதோ, அங்கே சொல்லை மாற்றுவார்கள்.

பத்தாம் நாள், அரண்மனைப் பாஷை ஒரு சொல்கூடத் தெரியாத பெல்லன் என்ற மலைமீனவரை மந்திரி சபைக்கு அழைத்து வந்தார். ஐப்பசியில் ஆற்றில் வலை போடக்கூடாது என்ற சட்டத்தை இவருக்குப் புரியவைப்பவரே ஜெயித்தவர் என்றார்.

வித்தியாபூரணர் நெஞ்சை நிமிர்த்தி நின்று மலைமொழியில் முழங்கினார். பெல்லன் முக்காட்டை இழுத்துவிட்டு ஓவென்று அழுதார்.

"செத்தது யாருன்னு இவரு கேக்கறாரு, ராஜா" என்றாள் கெம்பி. சபை குலுங்கிச் சிரித்தது.

பிறகு அவள் பெல்லன் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள், தோழி ஒருத்தி 'ம்' கொட்டினாள். பெல்லன் முக்காட்டை எடுத்தார், தாடையைச் சொறிந்தார், பதில் சொன்னார்.

"வலை போடமாட்டாங்களாம். ஆனா எங்க ஆத்துல மீனுக்குச் சினை பிடிக்கறது ஆடியிலே. மாசத்தை நீங்கதான் மாத்தணுமாம்."

இத்தனை வருஷம் போட்ட சட்டங்களுக்கு மலையிலிருந்து பதில் வந்தது இதுதான் முதல் தடவை என்று ராஜா அசந்துபோனான். தன் தாய்மொழி சபை நடுவில் ராஜாவையே திருத்தியதில் கெம்பிக்குப் பெருமை தாங்கவில்லை.

இனி பள்ளிக்குத் தலைவி அவள்தான், மூன்று மாசம் வட்டத்தில் உட்கார்ந்து 'ம்' கொட்டுவது வித்தியாபூரணர் வேலை என்றான் ராஜா. அவளைப் புகழ்ந்து நாலு வார்த்தை சொல்ல எழுந்தும் நின்றான். மலையாட்களின் கைகள் சட்டென்று முக்காட்டுக்குப் போயின. ராஜா பதறிப்போய் வெறுந்தரையில் உட்கார்ந்தான்.

"நீ சொல்லு தாயி, உனக்கு என்ன வேணும்?"

கெம்பி தன் மொழியிலேயே, அண்ணன் வழக்கிலிருந்து ஆரம்பித்தாள். வித்தியாபூரணர் 'ம்' கொட்டினார்.